அழகுக்காகச் செய்த அறுவை சிகிச்சை ஏமாற்றிவிட்டதா? அடுத்து என்ன செய்வது: முழுமையான வழிகாட்டி

மூக்கின் மேலிருந்த கட்டைப் பிரித்துவிட்டுச் செவிலியர் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். சிரித்துக்கொண்டே கொடுத்தார். நான் பார்த்தது என் முகமாகத் தெரியவில்லை. வீக்கம் வடிந்ததும் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். ஆறு மாதம் கழித்துப் போனபோதும் அதையேதான் சொன்னார். அதற்குள் மூக்கின் நுனி கிள்ளிவிட்டதுபோல ஒடுங்கியிருந்தது. இடப்பக்கம் மூச்சு சரியாகப் போகவில்லை. "நன்றாக இருந்த மூக்கை நீயே கெடுத்துக்கொண்டாயே" என்று அம்மா ஒரே ஒரு முறை சொன்னார். அதன்பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அந்த மௌனத்தால் நான் இழந்தது அதிகம். விபத்திலோ நோயிலோ பாதிக்கப்பட்டவர் உரிமையோடு கேள்வி கேட்கிறார். அழகுக்காக அறுவை செய்துகொண்டவரோ, ஆசைப்பட்டது நாம்தானே என்று தலைகுனிந்து ஓராண்டைக் கழித்துவிடுகிறார். அப்போது இரண்டு கணக்குகள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உடல் ஆறி, இறுதி வடிவம் தெரிய ஏறக்குறைய ஓராண்டு வேண்டும். சட்டப்படி நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இருப்பது இரண்டே ஆண்டுகள். உடலுக்காகப் பொறுமையாக இருக்க வேண்டும். காகிதத்துக்காக முதல் வாரத்திலேயே அலைய வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மறு அறுவைக்கு அவசரப்படுகிறார்கள், ஆவணங்களுக்குப் பொறுமை காக்கிறார்கள். இந்த வழிகாட்டியை அந்த வரிசையைச் சரிசெய்வதற்காகவே எழுதுகிறேன். சட்ட விவரங்கள் இந்தியாவுக்கும், அலுவலக விவரங்கள் தமிழ்நாட்டுக்கும் உரியவை.

படி 1: இன்றைக்கே ஆபத்து இருக்கிறதா?

வடிவம் பிடிக்கவில்லை என்பது வேறு, உடலில் சிக்கல் என்பது வேறு. காய்ச்சல், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு, சீழ், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெருக்கும் வீக்கம், மாத்திரைக்கு அடங்காத வலி, தோல் கறுத்துக்கொண்டே வருவது ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலின் கெண்டைச் சதையில் மட்டும் வலியும் வீக்கமும் வந்தால் இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். 108-ஐ அழையுங்கள்.

மூன்று இடங்களில் மணிக்கணக்குகூட முக்கியம். கண் இமை அறுவைக்குப் பிறகு கண் வலித்துப் பார்வை மங்கினால் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து அழுத்துகிறதோ என்று உடனே பார்க்க வேண்டும். மூக்கு அறுவைக்குப் பிறகு இரு துளைகளும் அடைத்து வலி கூடினால், நடுச்சுவரில் இரத்தம் தேங்கியிருக்கலாம். அதை எடுக்காமல் விட்டால் குருத்தெலும்பு அழிந்து மூக்கே உள்ளே அமுங்கும். முகத்தில் ஃபில்லர் (சுருக்கத்தையும் பள்ளத்தையும் நிரப்பும் பொருள்) ஊசி போட்ட இடம் வெளுத்தோ, வலைபோல நீலத் திட்டுகளாகவோ மாறினால் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். ஹயலுரானிக் அமில ஃபில்லராக இருந்தால் அதைக் கரைக்கும் ஊசி உண்டு; ஆனால் அது நேரத்தோடு போடப்பட வேண்டும்.

உங்கள் மருத்துவமனை தொலைபேசியை எடுக்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். "அழகு சிகிச்சைதானே" என்று யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது. 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவரே உயிரிழந்தார்.

படி 2: உங்கள் அறுவைக்கு உடல் எவ்வளவு காலம் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"பொறுத்திருங்கள்" என்று மருத்துவர் சொல்வது பல சமயங்களில் உண்மைதான். எத்தனை மாதம் என்று சொல்லாமல் விடும்போதுதான் அது நழுவலாகிறது. பொதுவாக மருத்துவர்கள் ஏற்றுக்கொள்ளும் கால அளவுகள் இவை.

மூக்குச் சீரமைப்பில் வீக்கத்தின் பெரும்பகுதி முதல் சில வாரங்களில் வடியும். நுனி மட்டும் ஓராண்டு வரை இழுக்கும். நம் ஊரில் பலருக்கும் இருப்பதுபோல் தோல் தடிமனாக இருந்தால் அதற்கு மேலும் ஆகலாம். அதனால்தான் ஓராண்டுக்கு முன் மறு அறுவை வேண்டாம் என்கிறார்கள். அவசரப்பட்டு ஆறாத திசுவைத் திறந்தால் தழும்பின் மேல் தழும்பு ஏறும்.

முடி மாற்று சிகிச்சையில் அதிகம் பயமுறுத்துவது முதல் இரண்டு மாதங்கள். நட்ட முடிகள் இரண்டாவது வாரத்திலிருந்து கொத்தாக உதிரும். பணம் போனதே என்று அழுதுகொண்டு பேசியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் உதிர்வது தண்டு மட்டுமே, வேர் உள்ளே இருக்கிறது. மூன்று நான்கு மாதங்களில் முளைக்கத் தொடங்கி, ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் முழு அடர்த்தி தெரியும். முன்நெற்றிக் கோடு இயல்பில்லாமல் நேர்க்கோடாக இருப்பது, முடிகள் தவறான திசை பார்த்து நிற்பது, பின்தலையில் எடுத்த இடம் திட்டுத்திட்டாக வெறுமையாக இருப்பது ஆகியவை காத்திருந்தால் சரியாகிவிடக்கூடியவை அல்ல. அவற்றை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

கொழுப்பு உறிஞ்சும் லைப்போசக்ஷனிலும், ஆண்களின் மார்பு வீக்கத்தைக் குறைக்கும் அறுவையிலும் மூன்று முதல் ஆறு மாதம் வரை வீக்கமும் கெட்டித்தன்மையும் இருக்கும். மார்பகத்தில் வைத்த இம்பிளாண்ட் (செயற்கைப் பை) கீழிறங்கி இயல்பாக அமரவும் ஏறக்குறைய அதே காலம் பிடிக்கும். அதற்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் இறுகிக் கல்போல ஆனால், இம்பிளாண்டைச் சுற்றி உடல் கட்டிய உறை சுருங்குகிறது என்று பொருள். அது தானாகச் சரியாகாது.

தழும்பு முதிர்ந்து மங்க ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆனால் அது மேடாகத் தடித்து, அரித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் கீலாய்டு. இங்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. சிலிக்கான் தாள், ஸ்டீராய்டு ஊசி போன்றவற்றைத் தொடக்கத்திலேயே ஆரம்பித்தால் பலன் அதிகம்.

படி 3: பிடிக்காதது எது என்று எழுதுங்கள்

"மோசமாக இருக்கிறது" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் எந்த வழக்கறிஞராலும் எதுவும் செய்ய முடியாது. ஒரு தாளை எடுத்து, தேதி போட்டு, ஒவ்வொரு குறையையும் தனி வரியாக எழுதுங்கள். நான் எழுதியது இப்படி இருந்தது: "நுனி ஒடுங்கியிருக்கிறது. இடத்துளை வலத்துளையைவிடச் சிறியது. படுத்தால் இடப்பக்கம் அடைக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் தண்டு வேண்டிய அளவைவிட உள்வாங்கியிருக்கிறது."

பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அறுவைக்கு முன் மருத்துவர் அதைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுதுங்கள். சொன்னாரா, காட்டினாரா, கையெழுத்து வாங்கினாரா? இந்தப் பயிற்சி கசப்பானது. ஆனால் இது முடியும்போது நான்கு விதமான குறைகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். இன்னும் ஆறிக்கொண்டிருப்பவை; திறமையான கைகளிலும் நேரக்கூடிய, முன்பே எச்சரிக்கப்பட்ட சிக்கல்கள்; அறுவை சரியாகவே நடந்தும் நான் மனத்தில் கண்டதோடு பொருந்தாதவை; எச்சரிக்காமலோ கவனமில்லாமலோ செய்யப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. எல்லாவற்றையும் கடைசி வகை என்று எண்ணிக்கொண்டு வழக்குப் போட்டால் தோற்கிறோம். எல்லாமே முதல் வகை என்று நம்பினால் காலம் கடந்துவிடுகிறது.

மூன்றாவது வகையை ஒப்புக்கொள்வது எனக்கே கடினமாக இருந்தது. என் பட்டியலில் ஒரு வரி அந்த வகை. மூக்குத் தண்டு நான் கேட்ட அளவுக்கே குறைக்கப்பட்டிருந்தது. நான்தான் என் முகத்துக்குப் பொருந்தாததைக் கேட்டிருந்தேன்.

படி 4: ஒரே மாதிரியாகப் படம் எடுங்கள்

மாதம் ஒரு முறை, ஒரே சுவர், ஒரே சன்னல் வெளிச்சம், ஒரே தூரம். கைபேசியை முகத்தருகே வைத்து எடுக்கும் செல்ஃபி மூக்கைப் பெரிதாக்கிக் காட்டும். ஆகவே ஐந்தடி தள்ளி நின்று வேறொருவர் எடுக்கட்டும். நேர்முகம், இரு பக்கவாட்டு, இரு முக்கால் பக்கம், கீழிருந்து மேல் என ஆறு கோணங்கள் போதும். அழகூட்டும் ஃபில்டர் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். எடுத்த படக் கோப்புகளை மாற்றாமல் தேதியோடு வேறோர் இடத்திலும் சேமியுங்கள். அறுவைக்கு முந்தைய திருமணப் படம், அடையாள அட்டைப் படம் எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள்.

மறு அறுவை நடந்த அன்றே முதல் அறுவையின் சான்று உங்கள் உடலிலிருந்து போய்விடுகிறது. அதன்பின் உங்களுக்காகப் பேசப்போவது இந்தப் படங்களும் அடுத்த படியில் வரும் தாள்களும்தான்.

படி 5: முழு மருத்துவக் கோப்பையும் எழுத்தில் கேளுங்கள்

இந்தப் படியில் தயங்காதீர்கள். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளை மருத்துவர் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இது சலுகை அல்ல, உங்கள் உரிமை. சண்டை தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. உறவு கெட்டபின் கேட்டால் ஒவ்வொரு தாளுக்கும் அலைய நேரும்.

கடிதம் இரண்டு பத்திக்கு மேல் வேண்டாம். "தங்கள் மருத்துவமனையில் இன்ன தேதியில், இன்ன பதிவு எண்ணில் எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மேல்சிகிச்சைக்காக என் முழு மருத்துவப் பதிவுகளின் நகல் தேவைப்படுகிறது. 72 மணி நேரத்துக்குள் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவுதான். கீழே பட்டியல் கொடுங்கள்: நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள், கேஸ் ஷீட், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, செவிலியர் குறிப்பு, அறுவைக்கு முன்னும் பின்னும் அவர்கள் எடுத்த படங்கள், பரிசோதனை முடிவுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, இம்பிளாண்ட் வைத்திருந்தால் அதன் தயாரிப்பு எண் ஒட்டிய அட்டை. நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்; பதிவுத் தபால் 2025-இல் இதோடு இணைக்கப்பட்டுவிட்டது) அனுப்புங்கள். எனக்கு முதலில் டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். பதிவுத் தபால் போன பிறகுதான் அறுவைக் குறிப்பு வந்தது. நுனிக் குருத்தெலும்பில் எவ்வளவு வெட்டி எடுத்தார்கள் என்பது அதில்தான் இருந்தது; மறு அறுவை செய்த மருத்துவர் முதலில் கேட்டதும் அதைத்தான்.

பணம் கட்டிய ரசீதுகளையும் சேருங்கள். பிறவிக் குறை, விபத்து போன்றவற்றுக்காக அல்லாமல் அழகுக்காகச் செய்யும் அறுவைக்கும் முடி மாற்றுக்கும் ஜிஎஸ்டி உண்டு. ஆகவே முறையான பில் கேட்பதில் தவறில்லை. ரொக்கமாகக் கட்டிய பணத்துக்குச் சிறு துண்டுச் சீட்டு மட்டும் இருந்தால், வங்கியில் எடுத்த பதிவு, வாட்ஸப் உரையாடல், விளம்பரத்தின் படம் எல்லாமே துணைச் சான்றுகள். உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

படி 6: அதே மருத்துவரிடம் போய்ப் பேசுங்கள்

கோபத்தில் பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். நான் தாண்ட வேண்டாம் என்பேன். உள்ளே என்ன செய்யப்பட்டது என்று அந்த மருத்துவருக்குத்தான் முழுமையாகத் தெரியும். பல மருத்துவர்கள் நேர்மையாகவே திருத்திக் கொடுக்க முன்வருகிறார்கள். மூக்கு அறுவையில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேர் வரை திருத்தம் தேவைப்படுகிறது என்பது அத்துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. திருத்தம் கேட்பது அவமதிப்பு அல்ல என்று அவர்களுக்கும் தெரியும்.

தனியாகப் போகாதீர்கள். குரல் உயராத ஒருவரை, அண்ணனையோ தோழியையோ, உடன் அழைத்துச் செல்லுங்கள். படி 3-இல் எழுதிய தாளைக் கொடுத்து நான்கு கேள்விகள் கேளுங்கள். இதில் எவை தானாகச் சரியாகும், எந்த மாதத்துக்குள்? எவை அறுவை இல்லாமல் சரியாகாது? அதை நீங்கள் செய்வீர்களா, அல்லது இதில் அதிகப் பழக்கமுள்ள வேறொருவரிடம் அனுப்புவீர்களா? செலவில் எது உங்களுடையது, எது என்னுடையது? கடைசிக் கேள்வியில் பலர் ஏமாறுகிறார்கள். "இலவசமாகச் செய்து தருகிறேன்" என்பது பெரும்பாலும் மருத்துவரின் கட்டணத்தை மட்டுமே குறிக்கும். அறுவை அரங்கு, மயக்க மருந்து, மருந்து, தங்கும் செலவு எல்லாம் உங்கள் தலையில் விழலாம். வீடு திரும்பியதும், "இன்று தாங்கள் கூறியதை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன்" என்று பேசியதைச் சுருக்கி மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுப்பு வராவிட்டால் அதுவே ஒரு பதிவு.

பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி ஒரு தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்திடாதீர்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ஒரு வரி உங்கள் எல்லா வழிகளையும் அடைத்துவிடும். வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். நஷ்டத்தின் ஒரு பகுதியையாவது வாங்கிக்கொண்டு ஒதுங்குவது சில சமயம் நல்ல முடிவுதான். அதைப் படித்துப் பார்த்து எடுங்கள்.

படி 7: இரண்டாவது மருத்துவரின் கருத்து

யாரிடம் போவது? முதலில் பதிவு எண். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் மருத்துவர் தன் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அதைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ தேடலாம். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச்., டி.என்.பி. அல்லது டி.ஆர்.என்.பி. (டி.என்.பி.யின் இப்போதைய பெயர்) பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கில் மூச்சுப் பிரச்சினையும் சேர்ந்திருந்தால் காது மூக்கு தொண்டை நிபுணரின் கருத்தும் தேவை. "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்ற பலகை மட்டும் ஒருவர் அறுவை செய்யப் பயிற்சி பெற்றவர் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பயிலரங்குகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்பது அழகியல் அறுவைக்கும் முடி மாற்றுக்கும் போதுமான பயிற்சி அல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவு வாரியமே 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு நிலைமை இருக்கிறது. உங்கள் முதல் அறுவையைச் செய்தவரின் பதிவு எண்ணையும் இதே சூட்டில் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது கருத்தை முதல் மருத்துவரின் நண்பர் வட்டத்துக்கு வெளியே தேடுங்கள். பணம் தீர்ந்துபோயிருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை மறக்காதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை, கோவை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறைகள் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. வரிசையில் நிற்க வேண்டும், உண்மைதான். ஆனால் உங்களிடம் மறு அறுவையை விற்க வேண்டிய தேவை இல்லாத ஒருவரின் வாயிலிருந்து உண்மையைக் கேட்பது பெரிய ஆறுதல். என்னைப் பார்த்த பேராசிரியர் ஐந்து நிமிடம்தான் பேசினார். "மூச்சடைப்பு உண்மை, நுனி ஒடுங்கியது உண்மை, தண்டு சரியாகத்தான் இருக்கிறது. இன்னும் நான்கு மாதம் யாரையும் கத்தி வைக்க விடாதே அம்மா" என்றார். அதுவரை எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

"முதல் மருத்துவர் தவறு செய்தாரா?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மருத்துவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். "இப்போது என்ன நிலை, காரணம் என்ன, எப்படிச் சரிசெய்வது, தயவுசெய்து எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்த எழுத்து பிற்பாடு சட்டத்துக்கும் உதவும்.

படி 8: மனத்தையும் யாரிடமாவது காட்டுங்கள்

கண்ணாடியைத் துணி போட்டு மூடிய நாட்கள் எனக்கும் இருந்தன. திருமணப் பேச்சு, வேலை நேர்முகம் எல்லாவற்றையும் தள்ளிப்போட்டேன். அறுவைக்குப் பின் சில வாரங்கள் மனச்சோர்வு வருவது இயல்பு. அது மாதக்கணக்கில் நீண்டால், ஒரு நாளில் மணிக்கணக்காக அதே குறையைப் பார்த்துக்கொண்டிருந்தால், மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தால், மனநல மருத்துவரைப் பார்ப்பது மறு அறுவையைவிட முக்கியம். உடல் தோற்றம் பற்றிய இந்த ஓயாத வேதனை ஒரு நோய். அதற்குப் பேச்சுச் சிகிச்சையும் மருந்தும் பலன் தருகின்றன, இன்னோர் அறுவை பெரும்பாலும் பலன் தருவதில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே அழையுங்கள்.

இப்படிச் சொல்வதால் உங்கள் குறை கற்பனை என்று பொருள் இல்லை. மூச்சடைப்பும் இருக்கலாம், மனச்சோர்வும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு.

படி 9: மறு அறுவை

ஆறும் காலம் முடிந்து, இரண்டு மருத்துவர்கள் ஒரே கருத்தைச் சொன்னால் மட்டும் இதற்கு வாருங்கள். முதல் அறுவையைவிட மறு அறுவை கடினம். உள்ளே தழும்பு, கலைந்த அடுக்குகள், எடுத்துவிட்ட திசு. மூக்கில் நடுச்சுவர்க் குருத்தெலும்பு தீர்ந்திருந்தால் காதிலிருந்தோ விலா எலும்பிலிருந்தோ எடுக்க வேண்டியிருக்கும். முடி மாற்றில் பின்தலையின் இருப்பு ஒரு வரம்புக்கு உட்பட்டது. முதல் முறை வீணடித்திருந்தால் தாடியிலிருந்து எடுக்கும் வழியைச் சொல்வார்கள். லைப்போசக்ஷனில் பள்ளமான இடத்தைக் கொழுப்பு செலுத்தி நிரப்ப வேண்டியிருக்கலாம். "நூறு சதவீதம் பழையபடி" என்று உறுதி சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எவ்வளவு மேம்படும், எது மேம்படாது, மோசமாகவும் வாய்ப்பு உண்டா என்று மூன்றையும் சொல்பவரே வேண்டும். அவர் இதே மறு அறுவையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேளுங்கள்.

அறுவையே வேண்டாத வழிகளும் இருக்கின்றன. ஃபில்லரைக் கரைக்கலாம். சுருக்கத்தைக் குறைக்கப் போடும் போட்டாக்ஸ் ஊசியின் விளைவு மூன்று நான்கு மாதங்களில் தானே தேயும். நெற்றிக் கோட்டின் தடித்த முடிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மென்முடி நடலாம். சும்மா விட்டுவிடுவதும் ஒரு வழிதான்.

காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அழகுக்கான அறுவை வழக்கமான மருத்துவக் காப்பீட்டில் விலக்கப்பட்டது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு, உடல்நலத்துக்கு அவசியமானது என்று மருத்துவர் சான்று தந்தது போன்றவை மட்டும் விதிவிலக்கு. மூச்சடைப்புபோல உறுப்பின் செயல்பாடு பாதிக்கப்பட்டிருந்தால், அந்தப் பகுதிக்குச் சான்றுடன் முன் அனுமதி கேட்டுப் பாருங்கள்.

வழக்கு யோசனை இருந்தால், கத்தி வைப்பதற்கு முன் இப்போதைய நிலை பற்றிய மருத்துவ அறிக்கையும் படங்களும் ஸ்கேனும் கையில் இருக்க வேண்டும். மறு அறுவை மருத்துவர், உள்ளே தாம் கண்டதை அறுவைக் குறிப்பில் விரிவாக எழுதும்படி முன்கூட்டியே கேளுங்கள்.

படி 10: புகார் கொடுக்கும் வழிகள்

எதிர்பார்த்த அழகு வரவில்லை என்பது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. மருத்துவர் பலனுக்கு உத்தரவாதம் தருபவர் அல்ல. நியாயமான திறமையோடும் கவனத்தோடும் நடக்கக் கடமைப்பட்டவர். ஆனால் ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் விளக்காமல் கையெழுத்து வாங்கியது, சொல்லாத ஒன்றைச் செய்தது, தகுதி இல்லாதவர் செய்தது, சிக்கல் வந்தபின் கவனிக்காமல் விட்டது, பொய்யான விளம்பரத்தால் இழுத்தது ஆகியவை வலுவான காரணங்கள். ஒப்புதல் என்பது தகவலறிந்து தரும் உண்மையான சம்மதமாக இருக்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மயக்க மருந்து கொடுக்கும் நாள் காலையில் ஆங்கிலத் தாளில் அவசரமாகக் கையெழுத்து வாங்கினார்களா? அதை எழுதி வையுங்கள்.

*நுகர்வோர் ஆணையம்.* பணம் திரும்ப வேண்டுமென்றால் வழி இதுதான். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சென்னையில் அறுவை செய்துகொண்ட திருநெல்வேலிக்காரர் சென்னைக்கு ஓட வேண்டாம். நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை புகார்க் கட்டணமே இல்லை. இணையத்திலும் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆனாலும் மருத்துவ வழக்கில் வழக்கறிஞர் துணை இருப்பது நல்லது. பெண்களுக்கு வருமானம் எதுவானாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும், எண் 15100. முதலில் ஆலோசனை மட்டும் வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டிய பணம், மறு அறுவைச் செலவு, வேலை இழப்பு, மன உளைச்சல் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

*மருத்துவக் கவுன்சில்.* சென்னை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் மருத்துவரின் நடத்தையை விசாரிக்கும். எச்சரிக்கலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். பணம் வாங்கித் தராது. உங்கள் அனுமதி இல்லாமல் அடையாளம் தெரியும்படி உங்கள் படத்தை வெளியிட்டிருந்தால் அதையும் இங்கே எழுதுங்கள்.

*மாவட்ட இணை இயக்குநர்.* தமிழ்நாட்டில் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டும். அழகு நிலையத்தின் பின்னறையில் அறுவை நடந்திருந்தால், மருத்துவரே இல்லாமல் நடந்திருந்தால், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம் உடனே புகார் கொடுங்கள். அடுத்து அங்கே போகப்போகிறவர்களைக் காப்பாற்றும் புகார் அது.

*காவல் நிலையம்.* மிகக் கொடிய அலட்சியத்துக்கும் போலி மருத்துவருக்கும் மட்டும். மருத்துவர் மீது குற்ற வழக்கு நடத்த மிகப் பெரிய கவனக்குறைவு இருக்க வேண்டும், முதலில் சார்பற்ற மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது. வடிவம் சரியில்லை என்று காவல் நிலையம் போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.

புகார் நடந்துகொண்டிருக்கும்போது மருத்துவரின் பெயரைப் போட்டுச் சமூக ஊடகத்தில் எழுதுவதைத் தவிருங்கள். உங்கள் ஆத்திரம் நியாயமானதாக இருந்தாலும், அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பினால் கவனமும் பணமும் அங்கே போய்விடும்.

இன்று இரவே ஒரு நாட்காட்டியை எடுத்து மூன்று தேதிகளைக் குறியுங்கள். ஆவணக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நான்காம் நாள். அறுவை நடந்து ஓராண்டு நிறையும் நாள். இரண்டாவது கருத்து அதற்குள் எழுத்தில் வந்திருக்க வேண்டும். பதினெட்டாம் மாதம் முடியும் நாள். மருத்துவமனையோடு பேச்சு எவ்வளவு இனிமையாக ஓடிக்கொண்டிருந்தாலும், அன்று வரை பணமோ திருத்தமோ கைக்கு வராவிட்டால், மறுநாள் காலை கோப்போடு வழக்கறிஞர் வாசலில் நில்லுங்கள். இரண்டாண்டுக் கெடு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று வாதாட இடமுண்டு. தாமதத்தைத் தக்க காரணம் காட்டி மன்னிக்கவும் சட்டம் இடம் தருகிறது. அந்த வாதத்துக்கே தேவையில்லாதபடி அறுவை நடந்த நாளிலிருந்தே எண்ணுங்கள்.